நான் அடையாளம் சொன்ன கையெழுத்து

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, கேக்குதா? லைன் கட்டாகுதா?" என்று இரண்டு முறை கேட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஷார்ஜாவில் உங்கள் தமிழ்ச் சபையில் ஒரு குடும்பத்தைப் பற்றி ஏதோ பேச்சு கிளம்பியிருக்கிறது, அதை விசாரிக்க மூன்று பேரைப் போட்டு உன்னைத் தலைவராக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க அந்தக் காலத்துல ஒரு மொட்டைக் கடுதாசிய கையெழுத்த வச்சே கண்டுபிடிச்சீங்கல்ல, அது எப்படிப்பா? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்றாய். உன் குரலில் பெருமை இருந்தது. மாத்திரை போட நேரமாயிற்று என்று சொல்லி வைத்துவிட்டேன். மாத்திரையை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டிருந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் நமக்கு வாய்க்கிற ஐந்து நிமிஷம் சாப்பாட்டுக்கும் பிரஷருக்கும் மழைக்கும் சரியாகப் போய்விடுகிறது. முப்பத்துநாலு வருடம் கரும்பலகை முன்னால் நின்று பேசியவனுக்கு இப்போது பேச ஆள் இல்லை. காலையில் வாசலில் மீன்காரி வந்தால் இரண்டு வார்த்தை. அவளும் ஒருநாள், "ஒராளுக்கு எந்தினா சாறே இத்ரயும் மீனு?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டாள், ஒரு ஆளுக்கு எதற்கு இவ்வளவு மீன் என்று. அன்றிலிருந்து வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்காருகிறேன். மற்ற மூன்றில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன். அதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது, அதனால் தபாலுக்குக் காத்திராமல் இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கடிதத்தின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். நீ கேட்டு வளர்ந்தது பாதிக் கதைதான். அந்தப் பாதியும் தப்பு.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. நீ அப்போது நாகர்கோவிலில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். சபைக் கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர். நம் சபைப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், இதே ஊரில் ஸ்ரீவராகத்து இந்துப் பையன் ஒருவனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். ஒன்றரை வருடம் கழித்து ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பி வந்து, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். சபைக்கு வெளியே கல்யாணம் செய்தவள் முதலில் எல்லாருக்கும் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கட்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று கமிட்டியில் சொன்னார்கள். "சொன்னார்கள்" என்று எழுதிவிட்டேன், பார். ஐந்து கையும் உயர்ந்தன. அதில் என் கையும் ஒன்று. சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான் வேறு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பலிபீடத்துப் படிக்குக் கீழே, ஜனங்களைப் பார்த்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். போதகர் அதற்கான ஜெப ஒழுங்கை வாசித்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. குழந்தை பாலுக்கு அழுதது. அவள் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பெட்டியைத் திறந்தபோது அதில் ஒரு கடிதம் இருந்தது. கையெழுத்துப் போடாத கடிதம், முழுப் பக்கம், தமிழில். அந்தப் பெண்ணை நிற்க வைத்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. ஒருவர் கூடப்பிறந்த அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேசாதவர். ஒருவர் வீட்டு வேலை செய்கிற அம்மாளை அடுக்களை வாசலில் தரையில் உட்கார வைத்துச் சோறு போடுகிறவர். இப்படி நான்கு பேர். கடைசியில், அந்தப் பிள்ளை நின்ற இருபது நிமிஷமும் ஒரு நாற்காலி எடுத்துப் போட உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, நீங்களா அவளுக்கு நியாயம் தீர்த்தீர்கள் என்று முடிந்திருந்தது. கமிட்டியில் ஐந்து பேர், கடிதத்தில் நான்கு பேர். விடுபட்டவன் நான்.

எழுதியதெல்லாம் உண்மையா என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. எழுதியது யார் என்பது மட்டும்தான் பேச்சு. செயலாளர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்டப் படிக்காத கை இந்தச் சபையில உண்டா சார்? நீங்க பாத்தாப் போதும்" என்றார். அது எனக்கு இனித்தது. பெயர் எழுதாத விடைத்தாளைக் காட்டினால் இது இன்னார் எழுதியது என்று சொல்லிவிடுவேன் என்று ஸ்கூலில் எனக்கு ஒரு பெயர் உண்டு, உனக்குத் தெரியும். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ழகரத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு சின்னச் சுழி. வெளியே வாசலில் "ஞாயிறு ஆராதனை காலை ஏழு மணி" என்று எழுதி வைத்திருந்த பலகையிலும் அதே சுழி. அந்தப் பலகையை எழுதியவர் ஞானமுத்து. நம் கோயில்பிள்ளை, மணி அடித்து, பெஞ்சு துடைத்து, கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தவர். எழுத்தே தெரியாமல் வேலைக்கு வந்தவருக்குப் பாட்டு எண் எழுதுவதற்காக சனிக்கிழமை சாயங்காலங்களில் எழுதப் பழக்கியவன் நான்தான். எல்லார் வீட்டுக்கும் போய்வருகிறவர், எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரிந்தவர். என்னை விட்டுவிட்டதற்கும் காரணம் பொருந்தி வந்தது, எழுத்துச் சொல்லித் தந்தவன் மேல் மரியாதை இருக்குமல்லவா? "ஞானமுத்துதான்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மற்ற நான்கு பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்து, "நான் எழுதல்ல சார். சாருக்கு என் கை அறியும்லா?" என்றார். "அறியும். அதனாலதான் சொல்லுதேன்" என்றேன். அது எனக்கு அப்போது நல்ல பதிலாகப் பட்டது. வேலையிலிருந்து நீக்கி, மன்னிப்புக் கேட்கிறவரை திருவிருந்தும் இல்லை என்று அவர் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான்காவது வாரம் அந்த ஒற்றை அறை பூட்டிக் கிடந்தது. மனைவியின் ஆட்கள் பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், அங்கே போய்விட்டார் என்று சொன்னார்கள்.

கடிதம் வந்த அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நாலு பேரையும் கிழிச்சு எழுதியிருக்கான். என்னைப் பத்தி ஒரு வரி இல்ல, பாத்தியா?" என்றேன். துருவுகிற சத்தம் நின்றது. "எழுதின ஆளுக்கு உங்களை அறிஞ்சூடாதா இருக்கும்" என்றாள். தெரியாது என்று தமிழில் வரவில்லை, மனசு பதறினால் அவளுக்கு மலையாளம்தான் முந்திக்கொண்டு வரும். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியும். தெரிந்தும் நான் அதைக் கேட்கவில்லை. சோறு எடுத்து வை என்றேன்.

இனி நீ உட்கார்ந்து படி. அம்மாவை அடக்கம் செய்து ஐந்தாவது வாரம், ஒரு முற்பகலில், கேட்டுக்கு வெளியே ஒரு கிழவர் குடையோடு நின்றார். ஞானமுத்து. பல் போய்க் கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வராந்தாவுக்கு மேல் வரவில்லை. பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினார். "அம்மாவுக்க பாத்திரம். திருப்பித் தரணும்லா" என்றார். அடியில் உன் பெயர் வெட்டியிருந்தது. உன் ஞானஸ்நானத்துக்கு வந்த டப்பா.

"இது எப்படி உம்மகிட்ட வந்தது?"

"அம்மா பலகாரம் கொண்டு வருவாவ. கிறிஸ்மஸ் கழிஞ்சு ஒரு மட்டம், ஈஸ்டருக்கு முந்தி லெந்து காலத்துல ஒரு மட்டம்."

"எங்க?"

"பொன்முடிக்கு. தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்கு."

"எதுக்கு?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சாருக்கு இப்பவும் அறிஞ்சூடாதா? அந்தக் கடுதாசி அம்மா எழுதினது. பெட்டியில இடும்போ நான் கண்டேன்."

எனக்கு வாத்தியார் புத்திதான் வந்தது. "அப்ப அன்னைக்கே நீர் ஏன் சொல்லல?" என்று கேட்டேன், அவர்மேல் குற்றம் போல.

"நான் எழுதல்லன்னு சொன்னதையே சாரு நம்பல்ல. பின்ன, உங்க வீட்டம்மான்னு சொன்னா நம்பியிருப்பியளா?"

"அவளாவது சொல்லியிருக்கலாமே."

"நான் எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்! சொல்லிருங்கம்மா, சொல்லிருங்கம்மான்னு. இந்த மட்டம் போய்ச் சொல்லுதேன்னு சொல்லிட்டுப் போவாவ. மறு மட்டம் வந்து இருந்து அழுவாவ. பயம் சார்."

"கமிட்டியையா?"

"கமிட்டியையா!" என்று சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு அல்ல. "உங்களைத்தான்."

அவர் போன பிறகு அம்மாவின் ஜெப நோட்டை எடுத்துப் பார்த்தேன். உனக்குத் தெரியும், அவள் மலையாளம் மீடியத்தில் படித்தவள். கல்யாணமான புதிதில் தமிழ் வேதாகமம் வாசிக்க வராமல் பெண்கள் கூட்டத்தில் கூச்சப்பட்டு ஒதுங்கி இருப்பாள். இதே மேஜையில் உட்கார வைத்து, இரட்டைக்கோடு நோட்டில் எழுதப் பழக்கினேன். ஆறு மாதத்தில் முத்து முத்தாக எழுதினாள். அதற்குப் பிறகு அவள் தமிழில் என்ன எழுதுகிறாள் என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. கடைச் சாமான் லிஸ்டு மலையாளத்தில்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அந்த லிஸ்டு மட்டும். நோட்டைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சுழி. ஊரார் கையெழுத்தை எல்லாம் அறிந்தவன் என்று பேர் வாங்கினேன், கூட இருந்தவள் கையெழுத்து எனக்குத் தெரியவில்லை. செயலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னிடம் படிக்காத கை சபையில் இல்லை என்றால், அந்தச் சுழி யாருடையதாகவும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம்? இது ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். நான் அன்றைக்குக் கடிதத்தில் பார்த்தது என் கையை, நான் பழக்கிவிட்ட சுழியை. அதற்கு ஞானமுத்து என்று பெயர் வைத்தேன்.

மற்றவர்களை நியாயம் தீர்க்க வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! உன் வகுப்புக்கும் நான்தான் எடுத்தேன். கண்ணில் உத்திரத்தோடு ஒருவன், அடுத்தவன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்கப் போகிறான் என்று கரும்பலகையில் படம் வரைவேன். உத்திரம் அந்த ஆளின் முகத்தில் இடிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தப் படத்தில் ஒன்றை நான் வரையவே இல்லை என்று இப்போது தெரிகிறது. துரும்பு விழுந்தால் கண் உறுத்தும், நீர் வரும், தேய்ப்போம். உத்திரம் உறுத்துவதில்லை. வீட்டு உத்திரம் மாதிரி, நம்மைத் தாங்கி நிற்கிறது என்றே நினைத்துக்கொண்டு இருப்போம். என் கண்ணில் இருந்தது என் நல்ல பேர்.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன், பழக்கம் விடவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் கேம்ப்புக்குப் போனால் பிள்ளைகளின் பெயரையும் நம்பரையும் கிழித்துவிட்டு வேறு நம்பர் போட்டுத்தான் தாளைத் தருவார்கள். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது, எங்களை நம்பவில்லை என்று. பிறகு ஒரு வருடம் ஒரு தாளைத் திருத்தி முடித்து, நம் ஸ்கூலில் ரவுடி என்று நாங்கள் ஒதுக்கி வைத்த பையன் எழுத்து போல் இருக்கிறதே என்று ஒரு சந்தேகம் வந்தது. நல்ல மார்க் போட்டிருந்தேன். சந்தேகம் வந்ததும் கை தானாகத் திரும்பிப் போய் எங்கே குறைக்கலாம் என்று தேடியது. அன்றைக்குத்தான் அந்தக் கிழித்த மூலையின் அருமை புரிந்தது. விடைக்கு மார்க் போடலாம், தப்பு தப்புதான். பிள்ளைக்கு மார்க் போட நம்மிடம் தாள் இல்லை. இது தெரிந்தும் கோயிலில் நான் அந்த மூலையைக் கிழிக்காத தாளைத்தான் திருத்தினேன். கோயில்பிள்ளை என்று அதில் எழுதியிருந்தது.

போன மாதம் பொன்முடிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கிழக்கேகோட்டையில் நெடுமங்காடு பஸ் ஏறி, அங்கே மாறி விதுரை, அங்கே ஒன்றரை மணி நேரம் நின்று மலைக்குப் போகிற பஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது, நினைவிருக்கிறதா? நாகர்கோவிலுக்கு உன்னைப் பார்க்க வருவதற்கே கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டு வருவாள். அவள் இந்த ரோட்டில், வருடத்துக்கு இரண்டு தடவை, பலகார டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். பெண்கள் சங்கத்துக் கூட்டம், சாயங்காலம் ஆகும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். வந்ததும் தலைவலி என்று படுத்துவிடுவாள். கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தால்கூட அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். நான் கேட்டதே இல்லை. அடுக்களையில் என்னிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லி அழ அவள் ஒரு மலை ஏற வேண்டியிருந்தது என்று நினைத்தபோது, பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது எனக்கு நல்லதாயிற்று.

லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் பத்துக் குடும்பம் ஆராதனை நடத்துகிறார்கள். வாசலில் பலகை. "ஞாயிறு ஆராதனை காலை ஏழு மணி." அதே சுழி. நான் பார்த்துக்கொண்டு நிற்பதை ஞானமுத்து கவனித்துவிட்டார். "எப்படி இருக்கு சார், என் கை? மார்க் போடுங்க" என்றார். எனக்கு வேண்டியதுதான். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"இங்க வச்சுக் கேட்டு எனக்கு எதுக்கு சார்? என் பேரை வாசிச்சது இங்கயா? இங்க உள்ளவியளுக்கு என்மேல ஒரு பராதியும் குறையும் இல்ல" என்றார். "எனக்க பெண்டாட்டி சாகும்போதும் அதைச் சொல்லித்தான் செத்தா. மூணு ஞாயிறு வாசிச்சாவளே, ஒரு ஞாயிறாவது மாத்தி வாசிக்க மாட்டாவளான்னு. அந்த இடத்துல நின்னு, ஞானமுத்து எழுதல்லன்னு சொல்லணும். அம்மா பேரு வேண்டாம். அவிய போய்ச் சேந்தாச்சு. எனக்கு என் பேரு மட்டும் போதும்."

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை செய்யப் போகிறேன். இப்போதைய போதகரிடம் போய்ச் சொன்னேன். உன் வயசுதான் இருக்கும். "இத்தனை வருஷம் ஆச்சே சார். கமிட்டியில அப்ப இருந்தவங்கள்ல உங்களோட சேத்து ரெண்டு பேர்தான் இருக்கீங்க. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, ரெக்கார்டுல வச்சிரலாம்" என்றார். ரெக்கார்டில் வைத்தால் அலமாரிதான் கேட்கும், பெயரை வாசித்தது அலமாரிக்கு முன்னால் இல்லையே என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். முட்டுவலிக்காரர், உட்கார்ந்து பேசுங்கள், நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார். அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நின்ற இடம் அது. அவளைப் பிறகு ஒரே ஒரு தடவை சாலைக் கடைத்தெருவில் பார்த்தேன். குழந்தை தோளுக்கு வளர்ந்திருந்தது. "சார், சுகமா?" என்று அவளாகவே கேட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மக்கா. ஆராதனை முடிந்து கேட்டடியில் நின்று என்னோடு கால் மணி நேரம் பேசுகிறவர்கள் மூன்று பேர். ஒரு வாரத்தில் எனக்குக் கிடைக்கிற பேச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர்கள் நிற்பார்களா என்று தெரியாது. அப்படியானால் எழுதினது யார் என்று கட்டாயம் கேட்பார்கள். எழுதியவருக்கு உண்மை தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

உனக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அவள்மேல் உரிமையுள்ளவன் இனி நீ ஒருவன்தான். அம்மா எழுதினாள், அது ஒன்று. அதிலும் அவள் நான்கு பேரை நியாயம் தீர்த்துத்தான் எழுதினாள். பெயர் போடாமல் எழுதினாள். பிறகு ஒரு மனிதர் அதற்காக வீடிழந்து போகும்போது வாய் திறக்கவில்லை, அது இன்னொன்று. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இந்த ஆறு மாதத்தில் எத்தனையோ பகல். வைத்துப் பார்க்காதே. அவள் பயத்தின் அளவு நமக்குத் தெரியாது. அந்தப் பயத்தைச் செய்து கொடுத்தவன் நான் என்பது எனக்குத் தெரியும். என்னையும் தராசில் வைக்காதே என்று கேட்க மாட்டேன். நியாயம் தீர்க்காதே என்ற வார்த்தையை, தப்பு செய்தவன் தனக்கு முன்னால் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. நான் செய்தது தப்பு என்று நீ சொல்லலாம். சொல்ல வேண்டும்.

உன் கமிட்டிக்கு என்னிடம் ஒரு வித்தையும் இல்லை. அந்தக் குடும்பம் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது, கேள்வி கேட்பதற்கு முன் நீயே எழுந்து போய் நாற்காலி எடுத்துப் போடு. அடுத்தவர் சொல்லி அல்ல, நீயே. பிறகு, யாராவது ஒருவர் ரொம்ப நிச்சயமாக ஒன்றைச் சொன்னால், அந்த நிச்சயத்தால் அவருக்கு உள்ளுக்குள் ஏதாவது இனிக்கிறதா என்று பார். அவர் நீயாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்.

ஞானமுத்து சனிக்கிழமையே மலையிறங்கி நெடுமங்காட்டில் தங்கி, ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முடிந்ததும் இங்கே சாப்பாடு. ஒரு நாற்காலியின் பேப்பரை எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று. மீன்காரியிடம் இரண்டு ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு மாதிரி சந்தோஷப்பட்டாள். குழம்பு மூன்று நாளாகப் பழகிப் பார்க்கிறேன், புளி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவர் சாப்பிட உட்காருவாரா, வராந்தாவோடு போய்விடுவாரா என்பது அவர் இஷ்டம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவு பக்கம் ஓட்டினேன் போலிருக்கிறது. நீ ஷார்ஜா போகிற செய்தி, விசா கையில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு நாலு மாதம் முன்பே தெரிந்திருந்தது. அப்போது அது எனக்குக் கோபமாக மட்டும் இருந்தது. எதற்காக என்னிடம் மறைத்தாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிடு. சாப்பாடும் பிரஷரும் கேட்க வேண்டாம். உனக்கும் என்னைப் பயமாக இருந்ததா என்று மட்டும் சொல். என்ன பதில் சொன்னாலும், மாத்திரைக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட மாட்டேன்.

அப்பா